முதன்முறை முதுமலை செல்வோருக்கு: காட்டைப் பார்க்கவும் விலங்குகளைக் காணவும்

முதுமலைக் காட்டின் தெப்பக்காட்டு வரவேற்பு மையத்தின் வாசலில், வனத்துறை வாகனத்தில் சவாரி முடித்து இறங்குவோரைச் சற்று நேரம் கவனித்தால் ஒன்று புரியும். ஒரே வண்டியில், ஒரே பாதையில் போய் வந்தவர்களில் ஒருவர் "மானைத் தவிர ஒன்றுமே இல்லை" என்று சலித்துக்கொள்வார். அவருக்கு அடுத்த இருக்கையில் இருந்தவரோ மலை அணிலின் கூட்டையும், மரத்தில் யானை உரசிய சேற்றுத் தடத்தையும், மந்திகளின் எச்சரிக்கைக் குரலையும் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வருவார். விலங்குகள் கண்ணில் படுவது ஓரளவு அதிர்ஷ்டம் என்பது உண்மையே. ஆனால் எந்த நேரத்தில் போகிறோம், எப்படி அமர்ந்திருக்கிறோம், எதைக் கேட்கப் பழகியிருக்கிறோம் என்பவை நம் கையில் இருக்கின்றன. முதன்முறை செல்வோர் ஏமாற்றமின்றித் திரும்பவும், காட்டுக்கும் தமக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளவும் தேவையானவற்றை வரிசையாக இங்கே சொல்கிறேன்.

இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நீலகிரி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், தமிழ்நாடும் கர்நாடகமும் கேரளமும் சந்திக்கும் இடத்தில் முதுமலை இருக்கிறது. 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு 2007-இல் புலிகள் காப்பகமானது. உட்பகுதியின் பரப்பு 321 சதுர கிலோமீட்டர். வெளிவட்டத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 688 சதுர கிலோமீட்டர். மோயாற்றுக்கு அப்பால் கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு சரணாலயம் என்று காடு தொடர்ந்துகொண்டே போகிறது. மாநில எல்லை நமக்குத்தான். யானைக்கு அது ஒரே காடு. கோடையில் முதுமலையில் யானைகள் குறைவாகத் தெரிந்தால், அவற்றில் பல தண்ணீரைத் தேடிக் கபினி நீர்த்தேக்கத்தின் பக்கம் போயிருக்கக்கூடும்.

இக்காட்டைப் பற்றி முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய இன்னொரு செய்தி மழை. தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தில் நன்றாகப் பெய்துவிட்டுக் கிழக்கே போகப்போகக் குறைந்துவிடுகிறது. அதனால் கூடலூர் பக்கம் உயர்ந்த, ஈரமான இலையுதிர் காடும், தெப்பக்காட்டைச் சுற்றித் தேக்கும் மருதும் வேங்கையும் மூங்கிலும் நிறைந்த வறண்ட இலையுதிர் காடும், மசினகுடியைத் தாண்டிச் சீகூர் பக்கம் முட்புதர்க் காடும் இருக்கின்றன. சில மணி நேரப் பயணத்தில் மூன்று வகைக் காடுகளைக் கடந்துவிடலாம். ஒவ்வொன்றிலும் காணக்கூடிய விலங்குகளும் வேறுபடும்.

காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

மழை முடிந்த பிறகான மாதங்களில் காடு பச்சைப் பசேலென்று கண்ணுக்கு விருந்தாக இருக்கும். ஆனால் புதர்கள் அடர்ந்திருப்பதால் பத்தடி தொலைவில் நிற்கும் யானைகூடத் தெரியாமல் போகும். பொங்கலுக்குப் பிறகு இலைகள் உதிரத் தொடங்கியதும் காட்டின் உட்புறம் கண்ணுக்குத் திறந்துகொள்ளும். நீர்நிலைகளைத் தேடி விலங்குகளும் வெளியே வரும். விலங்குகளைக் காண வேண்டும் என்பதே நோக்கமானால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களையே நான் பரிந்துரைப்பேன். அதற்குப் பிந்தைய கோடை நாட்களில் காட்டுத் தீ அச்சம் மிகுவதால் காப்பகத்தைச் சில காலம் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவதும் உண்டு. எனவே அந்நாட்களில் செல்வோர் காப்பகம் திறந்திருக்கிறதா என்பதை விசாரித்துக்கொண்டே புறப்பட வேண்டும். கோடை மழை விழுந்து புதுப்புல் முளைக்கும் நாட்களும் அருமையானவை. அப்போது புள்ளிமான்கள் பெருங்கூட்டங்களாகப் புல்வெளிகளில் சேர்ந்து நிற்கும்.

முடிந்தவரை வார நாட்களில் செல்லுங்கள். சனி, ஞாயிறுகளிலும் தொடர் விடுமுறைகளிலும் சாலையில் வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும்போது விலங்குகள் சாலையோரத்தை விட்டு உள்ளே ஒதுங்கிவிடுகின்றன.

புறப்படும் முன்

நீலகிரிக்குள் நுழையும் வெளி வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணையும் பயண நாளையும் பதிந்து இதைப் பெற வேண்டும். நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கும் அரசுப் பேருந்தில் வருவோருக்கும் இது தேவையில்லை. மைசூரு பக்கமிருந்து வருவோர் "நாங்கள் ஊட்டிக்குப் போகவில்லையே" என்று எண்ணிவிடக் கூடாது. தெப்பக்காடும் நீலகிரி மாவட்டம்தான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கும் சிறிய தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் மாவட்டம் முழுவதும் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் அவற்றைப் பறிகொடுப்பதைவிட, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவது நல்லது.

உதகையிலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வழிகள் உள்ளன. கூடலூர் வழியாகச் செல்வது நீண்ட பாதை, ஏறத்தாழ 67 கிலோமீட்டர். கல்லட்டி, மசினகுடி வழியாகச் சென்றால் அதில் பாதித் தொலைவுதான். ஆனால் அது 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான இறக்கம். தொடர்ந்து பிரேக்கை அழுத்தி, அது சூடேறிப் பிடிக்காமல் போய், பல விபத்துகள் அங்கே நேர்ந்திருக்கின்றன. வெளியூர் வாகனங்களுக்கு அங்கே கட்டுப்பாடுகளும் உண்டு. மலைப்பாதையில் ஓட்டிப் பழகாதவர்கள் தொலைவு கூடினாலும் கூடலூர் வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு உதகை–மைசூரு பேருந்துகள் இருக்கின்றன. அவை தெப்பக்காட்டு வழியாகவே செல்கின்றன.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சற்று யோசியுங்கள். தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் வனத்துறையின் விடுதிகள் உண்டு. வசதிகள் எளிமையானவை, ஆனால் காட்டின் ஓசையைக் கேட்டபடி தூங்கலாம். தனியார் விடுதிகளும் ஏராளம். சீகூர்ப் பீடபூமி யானைகள் காலங்காலமாகக் கடக்கும் வழித்தடம் என்பதையும், அந்த வழித்தடத்தைக் காக்கும் அரசு அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, மின்வேலியும் இரவு விருந்துகளும் ஒலிபெருக்கியும் இல்லாத இடத்தைக் கேட்டுத் தெரிந்து தங்குங்கள். 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்குமிடத்தருகே வந்த யானையின் மீது எரியும் பொருளை எறிந்து, அது தீக்காயத்தோடு இறந்துபோன கொடுமையை எங்களால் இன்றும் மறக்க முடியவில்லை. நாம் பணம் கொடுத்துத் தங்கும் இடம் எப்படிப்பட்டது என்று கேட்பது நம் பொறுப்பு.

உடை விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால் மண் நிறம், சாம்பல், கரும்பச்சை ஆகியவை நல்லவை. வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். வறண்ட மாதங்களில் புல்லில் உண்ணிகள் இருக்கும் என்பதால் முழுக்கால் சட்டை அவசியம். தெப்பக்காடு உதகையைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் தாழ்வான இடம், ஆகவே பகலில் உதகைக் குளிர் இருக்காது. அதிகாலைக்கு மட்டும் ஒரு ஸ்வெட்டர் போதும். வாசனைத் திரவியங்களைத் தவிர்த்துவிடுங்கள். கேமராவை விடவும் முதலில் கையில் இருக்க வேண்டியது ஒரு சாதாரண பைனாகுலர்.

சவாரி நேரத்தில்

காப்பகத்தின் உள்ளே பார்வையாளர்கள் நடந்து செல்லவோ, தம் சொந்த வண்டியைச் சாலையை விட்டு உள்ளே திருப்பவோ அனுமதி இல்லை. வனத்துறை நடத்தும் வாகனச் சவாரிக்கு வரவேற்பு மையத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு வேளைகளில் சவாரி உண்டு. காலையின் முதல் வண்டியில் இடம் பிடிக்கப் பாருங்கள். வெயில் ஏறியதும் பெரும்பாலான விலங்குகள் நிழலுக்குள் போய்ப் படுத்துவிடும். "இரவில் கூட்டிப் போய் யானை காட்டுகிறோம்" என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். இரவுச் சவாரி சட்டப்படி குற்றம். அதைவிடவும், கண்ணில் விளக்கடித்து நிலைகுலையச் செய்யப்பட்ட ஒரு விலங்கைப் பார்ப்பதில் பார்ப்பதற்கென்று எதுவுமில்லை.

வண்டியில் ஏறியதும் கைப்பேசியின் ஒலியை அணைத்துவிடுங்கள். விலங்கைக் கண்டால் கத்தாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள். ஓட்டுநரின் தோளைத் தொட்டு மெல்லச் சொன்னால் போதும். குழந்தைகளுக்கு இதை முந்தைய நாளே ஒரு விளையாட்டாகச் சொல்லிப் பழக்கிவிட்டால், பெரியவர்களை விட அவர்கள்தான் ஒழுங்காக இருப்பார்கள். என் அனுபவத்தில் முதலில் விலங்கைக் காண்பதும் அவர்களே.

காட்டைப் படிக்கும் விதம்

முழு விலங்கைத் தேடாதீர்கள். காட்டில் விலங்கு ஒருபோதும் படத்தில் இருப்பதுபோல் முழுதாக நின்றுகொண்டிருக்காது. கிடைக்கோடுகளைத் தேடுங்கள்: மரங்கள் எல்லாம் செங்குத்தாக நிற்கும் காட்டில் கிடையாகத் தெரியும் ஒரு கோடு பெரும்பாலும் ஒரு விலங்கின் முதுகு. அசைவைத் தேடுங்கள்: காற்றில்லாத வேளையில் ஒரே ஒரு கிளை ஆடினால் அங்கே யாரோ இருக்கிறார்கள். புதருக்கு மேலே பார்ப்பதைப் போலவே புதருக்கு அடியிலும் பாருங்கள். முட்டிக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டாற்போன்ற நான்கு கால்கள் தெரிந்தால் அது காட்டுமாடு. பலரும் இதைக் காட்டெருமை என்று சொன்னாலும் இது எருமையல்ல, மாட்டினத்தைச் சேர்ந்தது.

புள்ளிமான் கூட்டத்தைக் கண்டவுடன் "மான்தானே" என்று அடுத்ததைத் தேடாமல், அதற்கு மேலே உள்ள மரத்தைப் பாருங்கள். பல வேளைகளில் அங்கே சாம்பல் மந்திகள் இருக்கும். மந்தி ஒரு கொத்து இலையைப் பறித்துச் சிறிதே கடித்துவிட்டு மீதியைக் கீழே போடும்; மான்கள் அண்ணாந்து காத்திருந்து அதைப் பொறுக்கித் தின்னும். மேலிருக்கும் மந்திக்குத் தொலைவுவரை தெரியும். கீழிருக்கும் மானுக்கு மோப்பமும் செவியும் கூர்மை. ஆபத்து வந்தால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்கும் எச்சரிக்கையாகிவிடுகிறது.

அந்தக் குரல்களை அடையாளம் காணக் கற்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் தலையாய செய்தி. புள்ளிமான் கீச்சென்று கூர்மையாகக் கத்தும். ஆனால் சிறு ஐயத்துக்கும் கத்திவிடும். மந்தி தொண்டையிலிருந்து இருமுவதுபோல் குரைக்கும். கடமான், அதாவது மிளா, எளிதில் குரல் கொடுக்காது. அது கழுத்தை நீட்டி, வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டிவிட்டு, ஒரே ஒரு முறை உரக்க ஒலி எழுப்பினால், சிறுத்தையோ புலியோ செந்நாயோ அருகில் இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம்.

ஒரு பிப்ரவரிக் காலையில் அப்படியொரு கடமானின் குரலைக் கேட்டு எங்கள் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். முதலில் மந்தி, பிறகு மறுபடி கடமான், பிறகு இன்னும் தள்ளி ஒரு மயில். குரல் இடம் மாறிக்கொண்டே போனது. எங்களுக்கு இடப்புறம் தொடங்கிய அது சாலையைக் கடந்து வலப்புறச் சரிவில் இறங்கி ஓய்ந்தது. எதுவும் கண்ணில் படவில்லை. வண்டி நூறடி நகர்ந்ததும் புழுதியில் அந்தப் பாதத்தடத்தைப் பார்த்தோம்: நான்கு விரல்கள், அகன்ற அடிப்பாதம், நகக்குறி இல்லை. பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். நாயினத்தின் தடத்தில் நகம் பதியும். சிறுத்தையின் தடம் அவ்வளவு பெரிதாக இராது. அந்தத் தடம், எங்களுக்கு முன்னால் போன வண்டியின் சக்கரக் கோட்டின் மேலேயே, கோட்டை அழித்துக்கொண்டு பதிந்திருந்தது. முன் வண்டிக்கும் எங்கள் வண்டிக்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களில் புலி நடந்து போயிருக்கிறது. நான் பின்னாளில் நேரில் கண்ட புலியைவிட அந்தக் காலை எனக்கு மிகத் தெளிவாக நினைவிருக்கிறது.

புலி தெரியாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு செல்லுங்கள். அதற்கு மாறாகச் செந்நாய்கள் பகலில் வேட்டையாடுபவை. காலை வெயிலில் செம்பழுப்பு உடலும் கரிய புசுபுசு வாலுமாகச் சாலையோரத்தில் ஓடுவதைக் காணும் நல்வாய்ப்பு முதுமலையில் உண்டு. மரங்களின் உச்சியில் மூன்று வண்ணங்களில் நீண்ட வாலோடு தாவும் மலை அணிலையும் தவறவிடாதீர்கள்.

யானை எதிர்ப்பட்டால்

இந்தப் பகுதியை மட்டும் வண்டி ஓட்டுபவர் இரண்டு முறை படிக்க வேண்டும். மைசூரு சாலையிலும் மசினகுடிச் சாலையிலும் யானை எதிர்ப்படுவது அன்றாட நிகழ்வு. தொலைவிலேயே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்க வேண்டாம், விளக்கை மினுக்க வேண்டாம், இறங்கவே வேண்டாம். முன்னால் ஒரு வண்டி நின்றிருந்தால் அதை ஒட்டி நிறுத்தாமல், அது பின்னோக்கி வர இடம் விட்டு நிறுத்துங்கள். யானை துரத்தும்போது ஆபத்தாவது பெரும்பாலும் பின்னால் வழியடைத்து நிற்கும் வண்டிகளால்தான்.

யானையின் காதுகளைக் கவனியுங்கள். அவை சீராக ஆடிக்கொண்டிருந்தால் அது தன் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மேய்ச்சலில் கவனமாக இருக்கிறது. ஆட்டம் நின்று காதுகள் விரிந்து, தலை நிமிர்ந்து, தும்பிக்கை உங்கள் பக்கம் நீண்டு மோப்பம் பிடித்தால் அது உங்களைக் கவனித்துவிட்டது. மெல்லப் பின்வாங்க வேண்டிய நேரம் அதுவே. கண்ணுக்கும் காதுக்கும் இடையே கரிய நீர் வழிந்து கன்னத்தில் கோடிட்டிருந்தால் அந்த ஆண் யானை மதத்தில் இருக்கிறது. அதன் பக்கம் போகவே கூடாது. குட்டியோடு இருக்கும் கூட்டத்தைக் கண்டால், கூட்டம் முழுவதும் கடந்துவிட்டது என்று நீங்களாக முடிவுசெய்யாமல் இன்னும் சில நிமிடங்கள் காத்திருங்கள். கடைசியாக ஒன்று வரும்.

சாலையோரக் குரங்குகளுக்கோ மான்களுக்கோ எதையும் கொடுக்காதீர்கள். நாம் வீசும் ஒரு பிஸ்கட்டுக்காகச் சாலைக்கு வரப் பழகிய நாட்டுக் குரங்கு, பின்னால் வரும் வண்டியில் அடிபட்டுச் சாகிறது. காட்டு விலங்குக்கு உணவளிப்பதும் சீண்டுவதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

யானைகள் முகாம்

காட்டு யானையைக் காணாதவர்களும் தெப்பக்காட்டு முகாமில் வளர்ப்பு யானைகளை அருகில் பார்க்கலாம். காலையிலும் மாலையிலும் உணவூட்டும் நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். கேழ்வரகுக் களியும் சோறும் கொள்ளும் சேர்த்துப் பெரிய கட்டிகளாக உருட்டி, வெல்லமும் உப்பும் தேங்காயும் கலந்து, பாகன்கள் தம் கையாலேயே யானையின் வாய்க்குள் வைப்பார்கள். ஒவ்வொரு யானைக்கும் பாகன் ஒருவரும் துணைக்குக் 'காவடி' எனப்படும் உதவியாளர் ஒருவரும் உண்டு. பலர் பழங்குடிக் குடும்பங்களில் பிறந்து, தந்தையிடமிருந்து இத்தொழிலைக் கற்றவர்கள். ஊருக்குள் வரும் காட்டு யானையை விரட்டவும், காட்டில் ரோந்து செல்லவும் பயன்படும் கும்கிகள் இங்கேதான் பழக்கப்படுகின்றன. யானையைத் தொட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று பாகனை வற்புறுத்தாதீர்கள். மாறாக அந்த யானையின் பெயரைக் கேளுங்கள். அதன் குணத்தையும் பிடிவாதத்தையும் அவர் சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

திரும்பும் வழியில்

மைசூரு பக்கம் போகிறவர்கள், பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும் என்பதைக் கணக்கில் கொண்டு, மாலைச் சவாரி முடிந்ததும் புறப்பட்டுவிட வேண்டும். விளக்கொளியில் திகைத்து நின்ற விலங்குகள் வண்டிகளில் அடிபட்டுச் செத்ததால் கொண்டுவரப்பட்ட தடை இது. நேரமாகிவிட்டதே என்று காட்டுச் சாலையில் வேகமெடுப்பது அந்தத் தடையின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

மறுநாள் பகலில் மசினகுடி பக்கம் இருப்பவர்கள், வெயில் ஏறிய பின், நிறுத்த அனுமதியுள்ள ஊர்ப்பகுதியில் வண்டியை விட்டு இறங்கி வானத்தைப் பாருங்கள். சிறகை அடிக்காமல், வெப்பக் காற்றின் மேலேயே பெரிய வட்டமாக ஏறிக்கொண்டிருக்கும் பறவை பாறு கழுகாக இருக்கலாம். இறக்கையின் அடியில் முன்பாதி வெள்ளையும் பின்பாதி கருமையுமாக இருந்தால் அது வெண்முதுகுப் பாறு. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடெங்கும் அவற்றை ஏறக்குறைய அழித்தேவிட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. தென்னிந்தியாவில் அவை எஞ்சியிருந்து கூடு கட்டும் மிகச் சில இடங்களில் இந்த மோயாற்றுப் பள்ளத்தாக்கும் ஒன்று. ஆற்றோரத்து நீர்மருத மரங்களின் உச்சியில் அவை கூடு வைக்கின்றன. பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் மலையேறும் வரை கழுத்திலேயே மாட்டிக்கொண்டிருங்கள்.